தள்ளி வந்து பேசுங்க

இது நான் பார்த்ததல்ல. மெக்சிகோவில் எவாரிஸ்தோ என்ற பஸ் ஓட்டுநரும், ஒஃபேலியா என்ற நர்ஸும், திரினிதாத் என்ற கருவாட்டு வியாபாரியும் ரோமி என்ற பிலிப்பைன்ஸ் மாலுமியிடம் சொன்னார்கள். ரோமி அதைத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதே கப்பலின் சமையல்காரர் கித்தேரி அண்ணனிடம் சொன்னார். கித்தேரி அண்ணன் விடுமுறைக்குத் தூத்துக்குடி வந்தபோது, எங்கள் தெரு கயத்தான் அண்ணனின் பையை அவர் மனைவி அமலி அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, அக்காவிடம் சொல்ல வாய் வராததையெல்லாம் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றபடியே என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். தெருவில் இங்கிலீஷில் கடிதம் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், கப்பல் கம்பெனிக்கு எழுத வேண்டியது என்னிடம்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். இத்தனை வாய் தாண்டி வந்ததில் கிழமைகள் முன்னே பின்னே இருக்கலாம், ஊர்ப் பெயர்களை நான் தப்பாக எழுதியிருக்கலாம். கடலைப் பற்றிய பகுதியில் மட்டும் யார் சொன்னதிலும் வித்தியாசம் இல்லை.

கயத்தான் மச்சாதுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. சரக்குக் கப்பலில் மாலுமி. சலீனா குரூஸ் துறைமுகத்தில் கயிறு இழுக்கும்போது இரண்டு விரல் நசுங்கி, கரையில் கட்டுப்போடப் போன நேரத்தில் கப்பல் அடுத்த துறைமுகமான மன்சானில்லோவுக்குக் கிளம்பிவிட்டது. கப்பல் ஏஜெண்டின் ஆள் அவர் கையில் ஒரு பஸ் டிக்கெட்டும், கப்பலின் பெயரும் நேரமும் எழுதிய ஒரு தாளும் கொடுத்தான். சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் கப்பலில் ஏற வேண்டும். கடலோரமாகவே இரண்டு நாள் பயணம், அதனால் திங்கட்கிழமை ஏறியவருக்கு அவசரம் எதுவும் இல்லை.

பஸ் போன வழியெல்லாம் அவருக்குத் தெரிந்ததாகவே இருந்தது. தென்னை, பப்பாளி, கொய்யா, மணலில் கவிழ்த்துப்போட்ட படகுகள், படகுகள் மேல் வயிறு முட்ட உட்கார்ந்திருந்த கூழைக்கடாக்கள், தார்ப்பாயில் விரித்த கருவாடு, ஊருக்கு ஒரு கோவில், கோவில் வாசலில் மாதா. வேகத்தடை வரும் இடமெல்லாம் பஸ் மெதுவானதும் பெண்கள் ஏறி வாழையிலையில் கட்டிய சோளக் கொழுக்கட்டை விற்றுவிட்டு அடுத்த வேகத்தடையில் இறங்கினார்கள். டிக்கெட்டைப் பார்த்த ஓட்டுநர் எவாரிஸ்தோ அவர் பெயரை வாய்விட்டுப் படித்தார்: காயெத்தானோ மச்சாதோ. எங்கள் கடற்கரையில் போர்த்துகீசியர் விட்டுப்போன பெயர் அது. அங்கே அது பக்கத்து வீட்டுக்காரன் பெயர். எந்த ஊர் மச்சாதோ என்று எவாரிஸ்தோ கேட்டார். தன் பெயர் மட்டும் புரிந்த கயத்தான் அண்ணன் ஆமாம் என்று தலையாட்டினார். பேச்சை மறக்கும் அளவுக்கு நெடுநாள் கடலில் கிடந்த நம்மூர்க்காரன் ஒருத்தன் வீடு திரும்புகிறான் என்று அந்தத் தலையாட்டலிலேயே பஸ் முடிவு செய்துவிட்டது.

அவரும் ஒரு தப்பான முடிவுக்கு வந்தார். சாப்பிட நிறுத்திய கடையில் ஒரு பெண் மேசையைத் தட்டி "மேசா" என்றாள். கோவில் உச்சியில் இருந்த சிலுவையைக் காட்டி ஒருவர் "குரூஸ்" என்றார், நாம் குருசு என்பதைத்தான். முகம் துடைக்கத் துவாலை கேட்டார், துவாலையே வந்தது. சரி, நம்முடைய சொல் இங்கே பாதி செல்லும் என்று அவருக்குத் தைரியம் வந்தது. அந்தத் தைரியம் இல்லாதிருந்தால் அவர் கையால் மட்டும் சைகை காட்டியிருப்பார், எல்லாமே வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அவருக்கு மார் வலித்தது. இடது பக்கம் கல்லை ஏற்றி வைத்த மாதிரி வலித்து, தோளுக்கு ஏறி, தாடை வரை வந்தது. அவர் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் நெஞ்சில் கை வைத்து, நிதானமாக, புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு எழுத்தாக, "மார்" என்றார்.

அவர்கள் பாஷையில் மார் என்றால் கடல்.

பக்கத்தில் இருந்தவள்தான் திரினிதாத். அவள் மடியில் காய்ந்த இறால் மூட்டை இருந்தது. "இவரு கடலைக் கேக்குறாரு" என்றாள். "கடல்தான் கூடவே ஓடி வருதே, ஜன்னல் பக்கம் உக்கார வை" என்றார்கள் பின்னாலிருந்து. ஜன்னல் பக்கம் உட்கார வைத்தார்கள். அவர் கடலைப் பார்க்காமல் மறுபடி மார்பில் அடித்து "மார், மார்" என்றார். திரினிதாத் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, அவர் சட்டையில் காதை வைத்துக் கேட்டாள். எவ்வளவு நேரம் கேட்டாள் என்றால், பஸ் இரண்டு வேகத்தடைகளைத் தாண்டியது.

"உள்ள இருக்கு" என்றாள்.

மடியில் சண்டைச்சேவல் வைத்திருந்த ஒருவர், "எது, நம்ம கடலா, கிழக்குப் பக்கத்துக் கடலா?" என்று கேட்டார்.

"நம்மளதுதான். அந்தப் பக்கத்துக் கடலுக்கு இவ்வளவு கோபம் ஏது?"

சேவல்காரரும் கேட்டார், சேவலை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு. பிறகு ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். அலை வந்து உடையும் சத்தமும், உடைந்த அலை கூழாங்கற்களை இழுத்துக்கொண்டு திரும்பும் சத்தமும், இரண்டுக்கும் நடுவில் கடல் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் அந்தச் சின்ன அமைதியும் எல்லாருக்கும் கேட்டது. எவாரிஸ்தோ பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, தொப்பியைக் கழற்றிவிட்டுத் தானும் வந்து கேட்டார். "டிக்கெட்டுல ஒரு ஆளுன்னுதான் இருக்கு" என்றார். "கடலுக்கு லக்கேஜ் போடணுமான்னு டிப்போவுல யாரைக் கேக்குறது?" எல்லாரும் சிரித்தார்கள். கயத்தான் அண்ணனும், இவர்கள் சிரிப்பதால் ஆபத்தில்லை போலும், டாக்டரிடம்தான் கொண்டுபோகிறார்கள் போலும் என்று வலியோடு சிரித்தார்.

அவரைத் தன் ஊரான பூந்தா கியெத்தாவில் இறக்கிக்கொண்டாள் திரினிதாத். கடல் உள்ளே இருப்பவரைக் கடலுக்குப் பக்கத்தில் வைப்பதுதான் முறை என்று பஸ்ஸில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அவர் டிக்கெட்டைக் காட்டினார், கப்பலின் பெயர் எழுதிய தாளைக் காட்டினார். சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று அவர்கள் விரல் விட்டு எண்ணிக் காட்டினார்கள். அது சரியாகவே இருந்ததால் அவர் இறங்கினார்.

அந்த ஊரில் அறுபது வீடு. எல்லாரும் மீன் பிடிப்பவர்கள். இரண்டு தென்னைக்கு நடுவில் வலை ஊஞ்சல் கட்டி அவரைப் படுக்க வைத்தார்கள், மீன் சாறும் சோள ரொட்டியும் கொடுத்தார்கள், கட்டுப்போட்ட கையைக் கழுவிப் புதுத் துணி சுற்றினார்கள். பத்தரை மணி தாண்டி நீர் நன்றாக வற்றியதும் அவர் வலியும் வற்றியது, சாயங்காலம் கரையில் நீர் ஏறியபோது அவருக்குள்ளும் ஏறி வேர்த்துக் கொட்டியது, ஊருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மறுநாள் விடியும்போதே வரிசை நின்றது. கடலுக்குப் போகிறவர்கள் முதலில் கேட்கலாம், மற்றவர்கள் பிறகு, அவர் சாப்பிடும்போது யாரும் காது வைக்கக்கூடாது என்று ஒழுங்கு வந்தது. விலா எலும்புக்குக் கீழே காது வைத்தால் தெற்குத் துறை, காறை எலும்புக்குக் கீழே வைத்தால் வடக்குத் துறை என்று இரண்டு சகோதரர்கள் கண்டுபிடித்து, அதன்படி வலை போட்டு, படகு தாழ மீனோடு வந்தார்கள். தூங்காத குழந்தைகளைத் தாய்மார்கள் கொண்டுவந்து அவர் மார்பில் கவிழ்த்துப் போட்டார்கள். ஏழு வருடத்துக்கு முன்னால் கடலுக்குப் போய்த் திரும்பாதவரின் மனைவி ஒருத்தி, கடைசி ஆளாக வந்து, நெடுநேரம் கேட்டுவிட்டு எழுந்து, "இருமல் இன்னும் விடல அவருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அடுப்புப் பற்றவைத்தாள்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. இதைக் கித்தேரி அண்ணன் இரண்டு தடவை சொன்னார்.

மார் என்ற சொல் வேலை செய்யவில்லை என்று அவருக்குச் சந்தேகம் வந்தபோது சொல்லை மாற்றிப் பார்த்தார். "நெஞ்சு" என்றார். "நெஞ்சு வலிக்கு." ஊஞ்சலைச் சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், மிச்சமிருந்த ஒரு சொல்லும் மறந்துபோகிறதே என்று திரினிதாத் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைக்குப் பேச்சு பழக்குவது மாதிரி "மார்... சொல்லுங்க, மார்" என்றாள். அவர் "நெஞ்சு" என்றார். அவள் "மார்" என்றாள். கடைசியில் அவர் "மார்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

புதன்கிழமைதோறும் ஒஃபேலியா மோட்டார் சைக்கிளில் வருவாள். அந்தக் கரையில் ஒன்பது ஊருக்கு அவள் ஒருத்திதான் நர்ஸ். அவள் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்ததும் கயத்தான் அண்ணன் ஊஞ்சலிலிருந்து எழ முயன்றார், கண் கலங்கிவிட்டது. அவள் கேட்டாள். முன்பக்கம் கேட்டாள், முதுகில் கேட்டாள், எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுத் திரும்பவும் கேட்டாள். காலை ஒன்பது மணி, நீர் ஏறிய நேரம்.

"கடல்தான் கேக்குது" என்றாள் திரினிதாத்திடம். "இவ்வளவு அலைக்குப் பின்னால இதயம் எங்க இருக்குன்னு எனக்குக் கேக்கல. இருக்கும். ஆனா கேக்கல."

"வத்துற நேரத்துல கேட்டா?"

"வத்துற நேரத்துல நான் மூணாவது ஊர்ல இருப்பேன்."

அவள் அட்டையில் எழுதினாள். அந்த அட்டை பையோடு வந்திருக்கிறது. அகராதி வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். நோயாளி சொல்வது என்ற இடத்தில் ஒரே சொல், கடல். நர்ஸ் கண்டது என்ற இடத்திலும் அதே சொல்.

அவள் மோட்டார் சைக்கிளில் ஏறுவதற்குள் கயத்தான் அண்ணன் காதில் கை வைத்துப் போன் என்று காட்டினார். அது எந்த ஊரிலும் புரியும். ஊரில் கடை வைத்திருந்தவர் வீட்டில் போன் இருந்தது. கூட்டமே பின்னால் வந்தது. நம்பரைப் போட்டார். தூத்துக்குடியில் இரவு எட்டரை மணி, ஜெபம் முடிந்து அமலி அக்கா மெழுகுவர்த்தியை அணைத்துக்கொண்டிருந்தாள்.

"அமலி" என்றார். "எனக்கு மார் வலிக்கு. தாங்க முடியல. கம்பெனிக்குப் போன் பண்ணி, இங்க யார்கிட்டயாவது சொல்லச் சொல்லு. மார் வலிக்குன்னு சொல்லு."

அவர் மார் என்ற ஒவ்வொரு தடவையும் பின்னால் நின்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள். வீட்டில் கடலைப் பற்றிச் சொல்கிறார் என்று ஒருத்திக்கு அழுகையே வந்துவிட்டது.

அமலி அக்காவுக்குக் கேட்டது அலை. அக்கா எனக்குச் சொன்னபடி, முதலில் அலை, அப்புறம் அலைக்கு அடியில் யாரோ பேசுகிற மாதிரி, அப்புறம் மறுபடி அலை.

"ஏங்க, எங்க நிக்கிய? கடக்கரையில நின்னுக்கிட்டா போன் பண்ணுவாக? ஒண்ணுமே கேக்கல. கொஞ்சம் தள்ளி வந்து பேசுங்க."

அவர் சொன்னார். அலை வந்தது.

"தள்ளி வந்து பேசுங்கங்கேன். காத்து இரைச்சல், தண்ணி இரைச்சல். தள்ளி வாங்க, அப்புறம் பேசுவோம்." அக்கா வைத்துவிட்டாள். அதில் கோபம் ஒன்றும் இல்லை. கடற்கரையில் பிறந்த பெண்கள் கடலோடு சண்டை போட்டுத்தான் போன் பேசுவார்கள்.

தனக்குள் இருந்து வரும் சத்தம் என்று அவருக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து அலைச் சத்தத்தில் இருப்பவருக்கு அது சத்தமே இல்லை. உலகத்தில் தன் சொல்லை அந்தச் சொல்லாகவே கேட்கக்கூடியவள் ஒருத்தி, அவளுக்கும் தனக்கும் நடுவில் கடல் இரைகிறது, கடல் கேட்காத இடத்துக்குப் போய்விட்டால் அவள் கேட்பாள், அவள் கம்பெனிக்குச் சொல்வாள், கம்பெனி ஏஜெண்டுக்குச் சொல்லும், ஏஜெண்ட் இவர்கள் பாஷையில் ஒரு டாக்டருக்குச் சொல்லுவான், மன்சானில்லோ போகும் பாதையோ முழுக்கக் கடலோரம். அவர் இப்படித்தான் யோசித்திருக்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகக் கோத்தது. மற்றவர்கள் சொன்னது, அவர் கடைக்காரர் வீட்டிலிருந்து வெளியே வந்து, கடலுக்கு முதுகைக் காட்டி, மலையைக் கை நீட்டிக் காட்டினார், இருட்டும் வரை காட்டிக்கொண்டே இருந்தார் என்பதுதான்.

வியாழக்கிழமைகளில் எவாரிஸ்தோ மலைக்கு பஸ் ஓட்டுவார். ஊர் கூடிப் பேசியது. "கடலை மலைக்குக் கொண்டுபோனா நமக்கு என்ன ஆகும்?" என்றார்கள் சகோதரர்கள் இருவரும், அவர்கள் வலை அப்போதுதான் நிறைய ஆரம்பித்திருந்தது. "நம்ம கடல் அங்கயேதான் கெடக்கு, போய்ப் பாரு" என்றாள் திரினிதாத். "இது அவரோடது. அவரு நம்ம கைதியும் இல்ல." விடியற்காலை ஐந்து மணிக்கு அவரை பஸ்ஸில் ஏற்றி, அவளும் இறால் மூட்டையோடு ஏறினாள்.

பஸ் வளைந்து வளைந்து ஏறியது. தென்னை போய் மாமரம் வந்தது, மாமரம் போய் ஊசியிலை மரம் வந்தது, எதிரில் வரும் கழுதைகள் போர்வை போர்த்தியிருந்தன. ஏழு மணியிலிருந்து அவருக்குள் நீர் ஏற ஆரம்பித்தது. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கத்தில் உப்பு பூத்தது, எவாரிஸ்தோ துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டினார். சான் பந்தலெயோன் என்ற மலையூரில் ஒன்பதரை மணிக்கு இறங்கியபோது அவர் சட்டை காய்ந்து வெள்ளையாக விறைத்திருந்தது, சந்தையில் கட்டியிருந்த ஆடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து அவர் சட்டைக் கையை நக்கின.

அந்த ஊரில் கடலைப் பார்த்தவர்கள் நான்கு பேர்தான். எவாரிஸ்தோ விஷயத்தைச் சொன்னதும் சந்தை நின்றது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒரு வாத்தியார் இருபது பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்தார். நெருங்கி வந்து காது வைக்கத் தேவையே இருக்கவில்லை, இரண்டு கடை தள்ளி நின்றவர்களுக்கும் கேட்டது. "இவ்வளவு பெருசா?" என்று ஒரு பிள்ளை கேட்டான். "இது கரைதான்" என்றார் வாத்தியார், அவரும் பார்த்ததில்லை.

கூட்டம் விலகி வழி விட்டது. போன் கடையில், சுவரில் சாய்ந்துகொண்டு, நம்பரைப் போட்டார். ஜன்னலுக்கு வெளியே மலையும் மேகமும். கடல் எங்கும் இல்லை என்று பார்த்து உறுதி செய்துகொண்டுதான் பேசினார் என்று திரினிதாத் சொன்னாள்.

"அமலி. தள்ளி வந்துட்டேன். இப்ப கேக்குதா?"

இங்கே அமலி அக்கா மகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். போனைக் காதிலிருந்து ஒரு சாண் விலக்கிப் பிடிக்கும் அளவுக்கு அலை.

"இன்னும் அங்கனயேதான் நிக்கிய."

"அமலி, மார்..."

"நேத்தே சொன்னேன்ல? ஒரு அடி நகர முடியலையோ உங்களுக்கு? பிள்ள சாப்புடுது. தள்ளி வந்து பேசுங்க." வைத்துவிட்டாள்.

அவர் ரிசீவரை வைத்தார். பிறகு திரினிதாத்தின் இறால் மூட்டை மேல் உட்கார்ந்தார். பத்து மணி தாண்டியதும் நீர் வற்ற ஆரம்பித்தது. அலை கூழாங்கல்லை விட்டு மணலுக்கு இறங்குவது கேட்டது, மணலை விட்டுச் சேற்றுக்கு இறங்குவது கேட்டது, பிறகு தூரத்தில், பிறகு இன்னும் தூரத்தில். கடலைத் தெரிந்த அந்த நான்கு பேரும், சாயங்காலம் திரும்ப ஏறும், எப்போதும் ஏறும் என்று சொன்னார்கள். அதனால் யாரும் அழவில்லை. அவர் முகத்தில் ஒரு தொப்பியை நிழலுக்கு வைத்துவிட்டு, ஊர் முழுக்க மாலை நாலு மணி வரை சத்தம் போடாமல் காத்திருந்தது. நாலு மணிக்கு ஏறவில்லை. ஐந்துக்கும் ஏறவில்லை. ஆறு மணிக்கு ஒஃபேலியாவை எவாரிஸ்தோ கூட்டிவந்தார். அவள் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். குறுக்கே ஒரு அலையும் இல்லாமல் அவளுக்கு இப்போதுதான் தெளிவாகக் கேட்டது. அங்கே ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஏஜெண்டுக்குத் தகவல் போய், அடையாளம் காட்ட ரோமி வந்தார். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கப்பல் கிளம்பியது.

மாதங்கள் ஆகிவிட்டன. அமலி அக்கா யார் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறாள். "கடக்கரையிலயே நின்னுக்கிட்டு இருந்தாரு. தள்ளி வாங்கன்னு ரெண்டு நாளும் சொன்னேன். நான் சொன்னதுக்கு ஒரு அடி நகரலியே." நினைவுத் திருப்பலியில் சாமியாரும் கடலைப் பிரிய மனமில்லாதவர் என்று பேசினார். அக்கா தலையாட்டினாள்.

கம்பெனிக்குப் படிவம் நிரப்பும்போது, கடைசியாகத் தொடர்புகொண்ட நாள், நேரம், இடம் என்று ஒரு கட்டம் இருந்தது. அக்கா கடற்கரை என்று எழுதச் சொன்னாள். அவளுடைய போனில் இரண்டு நம்பரும் அழியாமல் இருந்தன. தப்பாக எழுதிவிடக்கூடாதே என்று இரண்டையும் குறித்துக்கொண்டு வந்து, எந்த ஊர் நம்பர் என்று தேடி, வரைபடத்தில் வைத்து அளந்தேன். பயந்து இன்னொரு தடவையும் அளந்தேன். கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை. முதல் அழைப்பு வந்த வீட்டிலிருந்து கடல் நாற்பது அடி. இருபத்தைந்து மணி நேரம் கழித்து இரண்டாவது அழைப்பு வந்த கடையிலிருந்து கடல், நேர்கோட்டில், எழுபத்தொன்பது கிலோமீட்டர்.